மாமாவின் பென்சன் விசா

2007ஆம் ஆண்டு மார்ச் மாதம். மொன்றியலில் பனி உருகி நடைபாதையெல்லாம் சேறும் தண்ணீருமாகக் கிடந்த நாட்கள். நானும் என் மாமாவும், அதாவது என் கணவரின் தகப்பனாரும், நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து புறப்பட்டு, மெட்ரோ பிடித்து, நகர நடுவில் உள்ள குடிவரவு அலுவலகத்துக்குப் போனோம். அங்கே நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வரும். கூடவே என்மேல் எனக்கே கோபமும் வரும்.

மாமா மன்னாரில் தபால் அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். மாமி முன்னரே காலமாகிவிட்டார். 2005 கடைசியில் என் கணவருக்கு நோய் முற்றியபோது, மகனைப் பார்ப்பதற்கென்று ஆறு மாத விசாவில் மாமா வந்தார். நான்கு மாதம் மகனின் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். ஐந்தாவது மாதம் மகனை அடக்கம் செய்துவிட்டு என்னோடும் என் ஆறு வயது மகளோடும் வீட்டுக்குத் திரும்பி வந்தார்.

என் கணவர் இருந்திருந்தால் தகப்பனை ஸ்பொன்சர் செய்து நிரந்தரமாகவே வைத்திருப்பார். மருமகளுக்கு அந்த உரிமை இல்லை. இடையில் இருந்த ஒருவர் போனதும், சட்டப்படி மாமாவும் நானும் யாரோ எவரோ ஆகிவிட்டோம். ஓய்வு பெற்றவர்கள் வந்து இருப்பதற்கென்று கனடாவில் தனி விசாவும் கிடையாது. இங்கே இருந்துகொண்டே, பார்வையாளராக இன்னும் கொஞ்சக் காலம் இருக்க விடுங்கள் என்று எழுதிக் கேட்க வேண்டும். சாப்பாட்டுக்கு வழி இருக்கிறது என்று காட்டுவதற்காக மாமாவின் பென்சன் கடிதங்களையும் சேர்த்து அனுப்பினோம். அதனால் எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் பென்சன் விசா. முதல் தரம் கேட்டபோது ஒரு வருடம் தந்தார்கள். இரண்டாம் தரம் கேட்டபோது நேரில் வாருங்கள் என்று கடிதம் வந்தது.

இந்த இடத்தில் எங்கள் ஆட்களின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். யாராவது எதையாவது கேட்டால் எடுத்த எடுப்பில் ஓம் என்று சொல்ல மாட்டோம். மாமா இந்தக் கலையில் கரைகண்டவர். தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்டால், "வேண்டாம் பிள்ளை, உனக்கேன் கரைச்சல்" என்பார், தனக்காக யாரும் சிரமப்படக் கூடாது என்பது போல. இரண்டாம் தரம் கேட்டால், "இல்லையில்லை, இப்பதானே குடிச்சனான்" என்பார். மூன்றாம் தரம் கேட்டால்தான், "சரி, ஊத்திப்போட்டாய் எண்டா தா" என்று கை நீளும். நான் அப்போது ஊற்றியே இருக்க மாட்டேன். என் கணவர் இந்த வம்புக்கே போக மாட்டார். ஒன்றும் கேட்காமல் கோப்பையைக் கொண்டுபோய்த் தகப்பனின் முன்னால் வைத்துவிட்டு வருவார். மாமா மடமடவென்று குடித்து முடிப்பார்.

நானோ கார்டெரியில், அதுதான் வேலைக்குப் போகிறவர்கள் சின்னப் பிள்ளைகளைப் பகலில் விட்டுவிட்டுப் போகும் இடத்தில், சமையல் வேலை செய்கிறவள். அங்கே ஒரு விதி. சாப்பாடு வேண்டுமா என்று பிள்ளையை ஒரு தரம்தான் கேட்கலாம். வேண்டாம் என்று தலையாட்டினால் வற்புறுத்தக் கூடாது. ஊரிலே உபசரிப்பு என்ற பெயரில் மூச்சு முட்ட முட்டத் தின்ன வைக்கப்பட்ட எனக்கு இது பெரிய நாகரிகமாகப் பட்டது. கணவர் போன பிறகு அந்தப் பழக்கம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. களைப்பும் ஒரு காரணம், பொய் சொல்லக் கூடாது. மாமா வேண்டாம் என்றால், "சரி மாமா" என்று என் வேலையைப் பார்க்கப் போய்விடுவேன்.

தேவாலயத்தில் கணவரின் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து, வீட்டுக்கு வந்திருந்த ஆட்கள் எல்லோரும் போன பிறகு, குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து மாமாவிடம் கேட்டேன்.

"மாமா, இனி நீங்கள் எங்களோடையே இருக்கிறியளோ?"

"நான் போறன் பிள்ளை. உனக்கேன் கரைச்சல்."

"சரி மாமா. போற வரைக்கும் விசாவை நீட்டி வைப்பம்" என்றேன். அவ்வளவுதான். வாழ்க்கையைத் தீர்மானிக்கிற பேச்சு ஒரு தேத்தண்ணிப் பேச்சைவிடச் சீக்கிரமாக முடிந்துவிட்டது. நான் நிரப்பிக் கொடுத்த படிவங்களில் மாமா கையெழுத்துப் போட்டார்.

மேலும் வற்புறுத்தினால் என் வசதிக்காகக் கேட்பதாக ஆகிவிடுமோ என்று எனக்குப் பயம் என்பதும் உண்மை. நான் வேலை முடிந்து வர ஆறரை ஆகும். மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டு வருவது மாமாதான். அவள் பிரெஞ்சில் கதைப்பாள், இவர் தமிழில் பதில் சொல்வார். இருவருக்கும் என்னதான் விளங்கியதோ, வீடு வரும்வரை வாய் ஓயாது. ஒருநாள் எங்கள் பங்குக் கோயில் வாசலில் ஒரு அம்மா என்னிடம் நேராகவே கேட்டார். "அந்த மனிசன் ஊருக்குப் போகவேணும் எண்டு நிக்கிறாராம். பிள்ளை பாக்க ஆளில்லை எண்டு நீ விடுறாயில்லையாம்." அது என்னை நன்றாகச் சுட்டுவிட்டது. அதற்குப் பிறகு, இருங்கோ என்ற சொல்லை நான் மறந்தும் வாயில் எடுக்கவில்லை.

அலுவலகத்தில் எங்கள் முறை வரும்வரை காத்திருந்தோம். மாமா கோட்டும் டையுமாக, இலக்கத் துண்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தார். சும்மா இருந்த நேரத்தில் அவருடைய காலைப் பார்த்தேன். என் கணவரின் பனிச் சப்பாத்து. அவர் காலுக்கு இரண்டு அளவு பெரியது. மேலே எட்டிப் பார்த்த காலுறைகள் மட்டும் மூன்று சோடி. பனி தொடங்குவதற்கு முன்பு கடையில் வைத்து, உங்களுக்கொரு சப்பாத்து வாங்குவோமா என்று கேட்டிருந்தேன். வேண்டாம் என்றார். சரி என்று விட்டுவிட்டேன். மகனின் சப்பாத்தை ஆசைக்காகப் போடுகிறார் என்று எனக்கு நானே ஒரு காரணமும் சொல்லிக்கொண்டேன். ஒரு முழுக் குளிர்காலமும் அந்தச் சப்பாத்தோடு வழுக்கி வழுக்கிப் பள்ளிக்கூடத்துக்குப் போய் வந்திருக்கிறார் மனிதர். 

கூப்பிட்டார்கள். ஐம்பது வயது தாண்டிய ஒரு பெண் அதிகாரி, மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்க விட்டிருந்தார். பக்கத்தில் மொழிபெயர்க்க ஒரு தமிழ் ஐயா. யாழ்ப்பாணத்துப் பேச்சு. அதிகாரியின் சந்தேகம் நியாயமானதுதான். மாமாவை அழைத்ததாகக் கோப்பில் இருந்தது மகனின் கடிதம். அந்த மகன் எங்கே, புதிய விண்ணப்பத்தில் ஏன் அவர் பெயர் இல்லை என்று கேட்டார். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். அவர் பேனாவை வைத்துவிட்டு, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார். பிறகு என்னை விட்டுவிட்டு மாமாவைப் பார்த்து நேராகக் கேட்டார்.

மொழிபெயர்ப்பாளர் சொன்னார், "ஐயா, இன்னுமொரு வருசம் இஞ்ச இருக்க உங்களுக்கு விருப்பமோ எண்டு கேக்கிறா."

மாமா கதிரையிலிருந்து பாதி எழும்பி, மிகவும் மரியாதையாகச் சிரித்தார். "வேண்டாம், வேண்டாம். உங்களுக்கேன் வீண் கரைச்சல்."

மொழிபெயர்ப்பாளர் என்னை ஒரு பார்வை பார்த்தார். சொன்னதைச் சொன்னபடியே சொல்வதுதான் அவர் வேலை. சொன்னார். அதிகாரி கொஞ்சம் ஆச்சரியப்பட்டு, விருப்பமில்லை என்றால் விண்ணப்பத்தை மூடிவிடுகிறேன், அவர் புறப்பட ஆயத்தம் செய்யலாம் என்றார். ஒரு தாளை எடுத்து எழுதவும் தொடங்கிவிட்டார்.

நான் கதிரை நுனிக்கு வந்துவிட்டேன். சந்தேகமும் ஒருபக்கம். ஒருவேளை உண்மையிலேயே போகத்தான் நினைக்கிறாரோ, கோயில் வாசலில் அந்த அம்மா சொன்னது சரிதானோ என்று. மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். சிரித்த முகம் அப்படியே இருந்தது. ஆனால் கண்கள் அந்தப் பேனாவையே பின்தொடர்ந்துகொண்டிருந்தன.  அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. இது தேத்தண்ணிக்குச் சொல்கிற அதே வேண்டாம்.

"மேடம், தயவுசெய்து இன்னொரு தரம் கேளுங்கள்" என்று பிரெஞ்சில் சொன்னேன். "எங்கள் ஊரில் ஒரு தரம் கேட்டால் அது கேட்டதாகாது."

அவர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். "எத்தனை தரம் கேட்க வேண்டும்?"

"மூன்று."

இதென்ன சந்தையா என்று ஏசப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, முதலில் கேட்டது போலவே பொறுமையாக இரண்டாம் தரம் கேட்டார். இந்த முறை மாமாவுக்குச் சிரிப்பு வரவில்லை. குனிந்துகொண்டு சொன்னார்.

"மகன் கூப்பிட்டவன், வந்தன். இப்ப அவனில்லை. நான் இனி என்ன முறையில இஞ்ச இருக்கிறது? இந்தப் பிள்ளை வேலைக்கும் போய் எனக்கும் சமைச்சுத் தரவேண்டிக் கிடக்கு. அவளுக்குத்தான் கரைச்சல்."

மொழிபெயர்ப்பாளர் இதையும் ஒரு சொல் விடாமல் சொன்னார். கேட்டு முடித்த அதிகாரி என் பக்கம் திரும்பினார். "மூன்றாம் தரம் நான் கேட்க மாட்டேன்" என்றார். "நீங்கள் கேளுங்கள்."

ஒரு வருடத்துக்கு முன்னரே குசினியில் வைத்துக் கேட்டு முடித்திருக்க வேண்டியதை, அரசாங்க அலுவலகத்தில், இரண்டு அந்நியர்களுக்கு முன்னால் கேட்க வேண்டி வந்தது. எனக்குக் கண்ணீர் வந்தால் கூடவே கோபமும் வரும். ஏசுவது போலத்தான் வந்தது.

"மாமா, கரைச்சல் எண்டு நான் எப்பவாவது சொன்னனானோ? பிள்ளையைப் பாக்கிறதுக்கு எண்டு நான் கேக்கேல்லை. அதுக்கு ஆரையும் பிடிக்கலாம். அவரைப் பற்றிக் கதைக்கிறதுக்கு அந்த வீட்டில உங்களை விட்டா எனக்கு ஆர் இருக்கினம்? சின்னன்ல அவர் என்ன குழப்படி செய்தவர் எண்டு பிள்ளைக்கு ஆர் சொல்லுறது? போகாதேங்கோ மாமா. எங்களோடை இருங்கோ."

 மாமா கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு, யாரிடம் சொல்கிறார் என்று தெரியாத மாதிரிச் சொன்னார்.

"நான் போனா, சின்னவளைப் பள்ளிக்கூடத்தால ஆர் கூட்டிக்கொண்டு வாறது?"

அதையும் மொழிபெயர்த்தார் ஐயா. அதிகாரி குழம்பிப்போய், இது ஆம் என்றா இல்லை என்றா எடுத்துக்கொள்வது என்று கேட்டார். மொழிபெயர்ப்பாளர் தொண்டையைச் செருமினார். "சொல்லுக்குச் சொல் பார்த்தால் இது ஒரு கேள்விதான், மேடம்" என்றார். "ஆனால் அவர் ஆம் என்று சொல்லிவிட்டார்." அதிகாரி எழுதத் தொடங்கியிருந்த தாளைக் கிழித்துக் கூடையில் போட்டார். அந்த மொழிபெயர்ப்பாளர் அன்று தன் வேலைக்கு மேலே ஒரு வரி பேசினார். அந்த ஒரு வரிக்கு நான் அவருக்கு நன்றி சொன்னேனா என்றுகூட நினைவில்லை. மூன்று கிழமைக்குள் இன்னொரு வருடத்துக்கான தாள் தபாலில் வந்தது.

ஆனால் நான் மறக்காமல் வைத்திருப்பது அதற்குப் பிறகு நடந்ததைத்தான். அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டு முடித்ததும், மாமா என் அறை வாசலில் வந்து நின்றார். "பிள்ளை, ஒண்டு கேக்கட்டோ?" என்றார். வந்து ஒன்றரை வருடத்தில் அவர் என்னிடம் எதையாவது கேட்டது அதுதான் முதல் தடவை.

"அவன்ர அலுமாரியில என்ர உடுப்பை வைக்கட்டோ? பெட்டிக்குள்ள கிடந்து கசங்குது."

அதுவரை அவருடைய சட்டைகள் கட்டிலுக்குக் கீழே பெட்டிக்குள்ளேதான் இருந்திருக்கின்றன. எப்போது போகச் சொன்னாலும் போகிறவர் போல இருந்திருக்கிறார். அந்த அலுமாரியை நானும் அடக்கத்துக்குப் பிறகு திறக்கவில்லை. திறந்தால் கணவரின் வாசனை போய்விடும் என்று பயம். வேண்டாம் மாமா என்று சொல்லத்தான் வாய் வந்தது. மாமா இரண்டாம் தரம் கேட்க மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

"ஓம் மாமா, வையுங்கோ" என்றேன். கணவரின் சட்டைகளை ஒருபக்கமாக ஒதுக்கினேன். மாமா தன்னுடைய ஆறு சட்டைகளையும் ஒவ்வொன்றாக உதறி, மகனின் சட்டைகளுக்குப் பக்கத்தில் தொங்கவிட்டார்.  கடைசிச் சட்டையைத் தொங்கவிட்டதும், வெறும் பெட்டியை மேலே பரணில் தூக்கி வைக்கச் சொல்லி என்னிடம் தந்தார்.

இப்போதும் கார்டெரியில் பிள்ளைகளை ஒரு தரம்தான் கேட்கிறேன், அது அங்கத்தைய விதி. ஆனால் வீட்டுக்கு வருகிற யாராவது வேண்டாம் என்றால், அவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு இன்னொரு தரம் கேட்கிறேன். ஒரே ஒரு தரம் கேட்டதை நம்பி, இந்த உலகத்தில் எனக்கு அப்பாவாக மிஞ்சியிருந்த ஒரு மனிதரை விமானம் ஏற்றிவிட இருந்தவள் நான்.