பட்ட மரம் என்று எழுதினேன்

அபிராமபுரம் பக்கம் கால்வாய் தூர்வாரும் வேலையில் நான்தான் சைட் இன்ஜினியர். கரையில் பழைய கல் படித்துறையும், அதை ஒட்டி ஒரு பூவரசும் இருந்தன. இரண்டையும் தொடக்கூடாது என்று உத்தரவு. ஆனால் பொக்லைன் இறங்க அதுதான் குறுக்குவழி. பாலத்துப் பக்கம் பாதை போட்டால் ஒரு வாரம் போய்விடும். மரம் பட்டுவிட்டது, படிகள் ஏற்கெனவே இடிந்தவை என்று பொய்யாக அறிக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

"பட்ட மரம்தான், தள்ளுங்கண்ணே" என்றேன்.

பொக்லைன் ஓட்டுபவர் இறங்கிவந்து, பட்டையை நகத்தால் கீறினார். உள்ளே பச்சையாக இருந்தது.

"இன்னா சார், உயிரோட கீது. இத்தப் போயி பட்டதுன்றீங்களே?"

"உங்க வேலைய மட்டும் பாருங்க."

சாவியை என் கையில் வைத்தார். "வேற ஆளப் பாத்துக்கங்க சார். என்னால ஆவாது."

வேறு ஆளை வரவழைத்தேன். அரை மணி நேரத்தில் மரமும் படிகளும் போயின. வேர் போனதும் கரை சரிந்தது, வண்டி இறங்க முடியவில்லை. கடைசியில் பாலத்துப் பக்கம்தான் பாதை போட்டோம்.

என் அறிக்கையை இதுவரை யாரும் கேள்வி கேட்கவில்லை. சொன்ன வேலையைச் செய்யவில்லை என்று முதலில் வந்த ஓட்டுநரைத்தான் வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்கள். நான் இன்னும் அதே வேலையில் இருக்கிறேன்.