கிரேக்க மூலையின் காவலன்

வானத்தைக் காட்டிச் சம்பளம் வாங்குபவனுக்கு உள்ள பெரிய சங்கடம், வாசலுக்கு வெளியே அதே வானம் இலவசமாகக் கிடைப்பதுதான். மெல்பேர்னின் மேற்கே ஒரு சிறிய வானியல் காட்சியகத்தில் நான் வழிகாட்டி. பழங்காலக் கிரேக்கர்கள் தொலைநோக்கி இல்லாமலே வானத்தை அளந்த கதையைச் சொல்லும் மூலை என் பொறுப்பு. மேலாளர் ஜூலிக்கு அங்கே குலுங்கும் ராக்கெட் இருக்கைகள் போட ஆசை. "குளிர்காலம் முடிவதற்குள் கூட்டம் சேராவிட்டால் மூடிவிடுவோம்" என்று புன்னகையோடு சொல்லியிருந்தார். மூடினால், வருகிறவர்களுக்கு இருக்கைப் பட்டி மாட்டிவிடுவது என் வேலையாகும். விளக்கம் சொல்லிப் பிழைக்கும் சக ஜீவன்களே, அந்தப் புன்னகை உங்களுக்கும் பழக்கமாக இருக்கும்.

குச்சியும் நிழலும்

முற்றத்தில் ஒரு குச்சியை நட்டு, கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனிஸின் கதையைச் சொல்வேன். வருடத்தின் நீண்ட பகலன்று, உச்சிப்பொழுதில், எகிப்தின் தெற்கே ஒரு கிணற்றுக்குள் சூரிய ஒளி நேராக விழுந்தது. அதே பொழுதில் வடக்கே அலெக்சாந்திரியாவில் குச்சிக்கு நிழல் இருந்தது. நிழலின் கோணம் வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. ஆகவே இரண்டு ஊர்களுக்கும் இடையிலான தூரத்தை ஐம்பதால் பெருக்கினால் பூமியின் சுற்றளவு.

உலகைச் சுற்றாமலே உலகை அளந்த மனிதர் என்று குரல் தழுதழுக்க முடித்தேன். மகனுடன் காரில் வந்திருந்த மன்னார் அன்ரி ஒருவர் அனுதாபத்தோடு என்னைப் பார்த்தார்: "ஓம் தம்பி, கெட்டிக்காரன்தான். ஆனா டண்டினொங்கில இருந்து இங்க வர எவ்வளவு நேரமெண்டு அவரால சொல்லேலுமே? இவன் முக்கால் மணித்தியாலம் எண்டவன், ரெண்டு மணித்தியாலமா காருக்குள்ள இருந்து வாறன்!"

பின்வாங்கும் வியாழன்

கிரகங்கள் சில மாதம் வானத்தில் பின்னோக்கி நகர்வதுபோல் தெரியும். நம் சோதிடர்கள் இதை வக்கிரம் என்பார்கள். கிரேக்கர்களோ பெரிய வட்டத்தின்மேல் ஒரு சின்ன வட்டத்தை உருளவிட்டு, அதன் விளிம்பில் கிரகத்தை உட்காரவைத்தார்கள். எங்களிடம் அதற்கு மரத்தில் செய்த மாதிரி உண்டு. கைப்பிடியைச் சுற்றினால் வியாழன் அழகாகப் பின்வாங்கும். அத்துடன் நிறுத்தியிருக்கலாம். என் வாய் சும்மா இருக்காதே! உண்மையில் வியாழன் திரும்புவதில்லை, விரைவு ரயிலிலிருந்து பார்த்தால் பக்கத்துத் தண்டவாளத்து மெதுரயில் பின்னால் போவதுபோல், பூமி அதை முந்துவதால் வரும் தோற்றம் என்றேன்.

எதிரே கோயம்புத்தூர்த் தம்பதி. வெரிபீயில் புது வீடு தயார். குரு வக்கிரம் தீரும்வரை கிரகப்பிரவேசம் கூடாது என்று மாமியார் உத்தரவு. மனைவி மெல்லக் கணவர் பக்கம் திரும்பினார்: "பாத்தீங்களா? குரு பின்னாடி போகவே இல்லையாம், நாமதான் முந்திப் போறோமாம். உங்க அம்மாவுக்கு நீங்க போன் போடுறீங்களா, இல்ல இவரையே பேசச் சொல்லட்டுமா?"

இரண்டு தீவுகள்

குளிர்காலத்தின் கடைசி வாரம். ஜூலி கைகளைக் கட்டிக்கொண்டு பின்னால் வந்து நின்றார். அன்று பார்த்து ஒரு பேருந்து நிறையக் கிரேக்க மூதாட்டிகள். கிரேக்கர்களுக்கே கிரேக்கர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஹிப்பார்க்கஸ்மேல் எனக்குக் கொஞ்சம் பாசம் அதிகம். ரோட்ஸ் தீவிலிருந்து அவர் விண்மீன்களைப் பட்டியலிட்டதையும், மொத்த வானமும் மெல்ல நகர்வதைக் கண்டுபிடித்ததையும் நீட்டி முழக்கினேன். கூட்டத்தில் இருந்த ரோட்ஸ்காரப் பெண்கள் தங்கள் வீட்டுப் பிள்ளைக்குப் பரிசு கிடைத்ததுபோல் தலையாட்டினார்கள்.

முன்வரிசையில் ஒருவர் கைத்தடியை உயர்த்தினார். "சூரியனை நடுவில் வைத்தவர் யார்?" அரிஸ்டார்க்கஸ் என்றேன். "எந்த ஊர்?" சாமோஸ் தீவு. "நான் எந்த ஊர் என்று நினைக்கிறாய்?" நான் பதில் சொல்வதற்குள் இரு தீவுகளுக்கும் கிரேக்க மொழியில் போர் மூண்டுவிட்டது. ஜூலி பதறி ஓடி வந்தார். சாமோஸ் மூதாட்டி, சுவரில் ராக்கெட் இருக்கைகள் வரப்போவதாக ஒட்டியிருந்த அறிவிப்பைத் தடியால் தட்டினார்: "ரோட்ஸ்காரனுக்குக் கால் மணி நேரம், எங்கள் ஆளுக்கு ஒரே சொல்! அடுத்த வாரம் எங்கள் சங்கத்தையே கூட்டி வருகிறேன். அதற்குள் இந்த இடத்தை மூடிவிட்டால், இவனை நான் எங்கே போய்த் திட்டுவது?"

மூலை தப்பிவிட்டது, இப்போது வாரம் ஒரு தீவு வந்து இறங்குகிறது; நடுவில் பூமியை வைத்தாலும் சூரியனை வைத்தாலும் அண்டம் கேட்பவரின் சொந்த ஊரைத்தான் சுற்றுகிறது என்பதே இந்த வேலையில் நான் கற்ற வானியல்.