காணும் பொங்கலன்று ஒரு டச்டவுன்

காணும் பொங்கலன்று காலை ஆறரைக்குத் திருவான்மியூரில் பாண்டிச்சேரி பஸ் ஏறினேன். மரக்காணத்துக்கு நூற்றுப் பத்து கிலோமீட்டர் போல. மாமல்லபுரத்துக் கூட்டத்தைத் தாண்டவே ஒரு மணி நேரம் பிடித்தது. பையில் துருத்திக்கொண்டிருந்த முட்டை வடிவப் பந்தைப் பக்கத்து இருக்கைக்காரர் விசாரித்தார். அமெரிக்கக் கால்பந்து, பெரும்பாலும் கையால்தான் ஆடுவோம் என்றேன். சிரித்துவிட்டுத் தூங்கப் போனார்.

பத்தரை மணிக்கு மரக்காணத்தில் தேசிங்கு பைக்கோடு நின்றிருந்தான். இந்த ஆட்டத்துக்கு நம் நாட்டில் முதன்முதலாகச் சம்பளம் கொடுத்து ஆள் எடுத்தபோது சேர்ந்தவர்களில் நாங்கள் இருவரும் உண்டு. அவனைப் பக்கத்து ஊரான அனுமந்தையின் கபடிக் களத்திலிருந்து அழைத்துப் போனார்கள். நான் பந்தை எறிபவன். அவன் ஓடிப் பிடிப்பவன். ஹெல்மெட், தோள்கவசம், தினமும் முட்டையும் கோழியும், மாதம் பிறந்தால் சம்பளம். ராஜா மாதிரி இருந்தோம். ஒரே சீசனில் அந்தப் போட்டித் தொடரை மூடிவிட்டார்கள். கடைசி ஆட்டத்தில் தேசிங்குக்குத் தோள்பட்டையில் காறை எலும்பு முறிந்தது. இப்போது உப்பு லாரி ஓட்டுகிறான்.

உதைக்காத கால்பந்துக்கு எவன் சம்பளம் கொடுப்பான் என்று ஊரே அவனைக் கேலி செய்ததாம். அவன் மனைவி செல்வியும் அவன் ஆடிப் பார்த்ததில்லை. இந்தப் பொங்கலுக்கு உப்பள இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்து இரண்டு அணி சேர்த்து, என்னையும் கூப்பிட்டிருந்தான். தோளுக்குப் பயந்து, அவன் நடுவராக மட்டும் இருக்கலாம் என்று செல்வி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

மாலை நான்கு மணி. உப்பு சீசன் இன்னும் தொடங்காததால் பாத்திகளில் மழைத்தண்ணீர் தேங்கிக் கிடந்தது. பக்கத்துத் திடலில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தார்கள். நானும் ஓர் அணியில் இறங்கினேன். இரண்டு பக்கமும் புள்ளிகள் சமமாக இருந்தபோது எங்கள் ஆள் ஒருவன் கால் பிசகி உட்கார்ந்துவிட்டான். தேசிங்கு விசிலைக் கையில் வைத்துக்கொண்டு செல்வியைப் பார்த்தான். திடலே அவளைப் பார்த்தது.

"போங்க. ஆனா கீழ விழக்கூடாது" என்றாள்.

விழாமல் இந்த ஆட்டம் ஏது? விசிலை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டு வந்தான். நான் பின்வாங்கி, உயரமாக எறிந்தேன். பழைய வேகம் இல்லை. ஆனாலும் தலைக்கு மேல் வந்த பந்தைத் திரும்பிப் பார்க்காமலே கையில் வாங்கினான். எல்லைக் கோட்டருகே இரண்டு பேர் அவன்மேல் பாய்ந்தார்கள். மூன்று பேரும் புழுதியில் விழுந்தார்கள்.

பிறகு புழுதிக்குள்ளிருந்து பந்தோடு ஒரு கை உயர்ந்தது. கோட்டுக்கு அந்தப் பக்கம். டச்டவுன்.

செல்வி ஓடிப்போய் அவன் தோளை அழுத்திப் பார்த்தாள். வலிக்கவில்லை என்றான். அவள் எழுந்து, சேலையில் ஒட்டிய மண்ணைத் தட்டினாள்.

"இன்னொரு வாட்டி ஓடுங்க. பயத்துல கண்ண மூடிக்கிட்டேன்."

ஓடினான். இந்த முறை யாரும் தடுக்கவில்லை. இரண்டு அணிகளும் அவனோடு சேர்ந்து ஓடின.

ஏழு மணி பஸ்ஸில் திரும்பினேன். சென்னையில் என் குடியிருப்பில் நான் ஒரு காலத்தில் ஆட்டக்காரன் என்பது ஒருவருக்கும் தெரியாது. தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று இத்தனை நாள் இருந்துவிட்டேன். முழங்கையில் சிராய்ப்பு எரிந்தது. வீட்டில் கேட்டால் முழுக்கதையையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.