பதினான்காவது கசெற்

என் முன்பல் இரண்டும் ரொறன்ரோவின் மோர்னிங்சைட்டில், என் சொந்த வீட்டுக் கம்பளத்தில் விழுந்தன. அடித்தவன் எட்டு மாதமாக என் கையால் சோறு தின்றவன். தொட்டதற்கெல்லாம் கோபம் வருகிற எனக்கு அவன்மேல் மட்டும் அன்று கோபம் வரவில்லை.

அவனுடைய தமையனும் நானும் எண்பதுகளில் ஓமானின் கிழக்குக் கரையில் வீதி போடும் வேலை செய்தோம். ஒரே முகாம், ஒரே அறை. வெள்ளிக்கிழமை லீவு. மற்றவர்கள் போர்த்துக்கொண்டு படுப்பார்கள். தமையன் ரேப் ரெக்கோடரைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போவான், என்னையும் இழுத்துக்கொண்டு. அங்கே இருந்த எங்கள் ஆட்கள் கடிதம் எழுதுவது குறைவு. கசெற்றில் பேசி ஊருக்கு அனுப்புவார்கள். இவனோ தாய்க்கு அந்தக் கரை முழுவதையும் சுற்றிக் காட்டினான்.

"அம்மா, இப்ப பழைய காவல் கோபுரத்துக்கு மேலை நிக்கிறன். கீழை ஒரு வள்ளம் கிடக்கு, ஆணியே இல்லை, கயித்தாலை தைச்சிருக்கிறாங்கள், நம்புவியளே?"

"அம்மா, இது ஆமை முட்டை போட்ட குழி. உள்ளுக்கு இறங்கி நிண்டுதான் கதைக்கிறன்."

பேசி முடித்ததும் கசெற்றின் முதுகில் இருக்கும் இரண்டு சின்னப் பிளாஸ்டிக் துண்டுகளை முறித்துவிடுவான். முறித்தால் அதன்மேல் வேறெதுவும் பதிய முடியாது. முறிக்காவிட்டால் முகாமில் எவனாவது சினிமாப் பாட்டைப் பதிந்துவிடுவான். நாங்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வோம். பதின்மூன்றாவது கசெற்றின் கடைசியில், "அடுத்த வெள்ளி உடைஞ்ச கப்பலைக் காட்டுறன்" என்று சொல்லியிருந்தான்.

அந்த வெள்ளி வந்தது. ஆனி மாதக் காற்று. பாறைகளுக்கு நடுவில் பெரிய மரக்கப்பல் ஒன்று வயிறு பிளந்து கிடந்தது. அலை அதைப் போட்டு அறைந்துகொண்டிருந்தது. ரெக்கோடரைத் துவாயில் வைத்துவிட்டுச் சிரித்துச் சிரித்துப் பேசினான். "இவனும் வந்திருக்கிறான் அம்மா. கால் நனைக்கவும் பயம், சரியான தொடைநடுங்கி."

ஒரு மாதமாக முகாமில் எல்லோர் முன்னாலும் இதே பகிடிதான். இப்போது ஊருக்கும் போகப்போகிறதா? என் புத்தி கெட்டது. முகத்தில் ஓங்கிக் குத்தினேன். சொண்டு வெடித்து இரத்தம் வந்தது. "நீ பெரிய வீரன் எண்டால் அந்தக் கப்பலைத் தொட்டிட்டு வாடா பாப்பம்" என்றேன். அவன் இரத்தத்தைத் துடைத்தான், சேட்டைக் கழற்றினான், இறங்கிவிட்டான்.

கப்பலைத் தொட்டான். அதை நான் கண்டேன். அடுத்த அலை அவனைத் தூக்கி மரத்தில் அடித்தது, இழுத்தது, திரும்பவும் அடித்தது. நான் தண்ணீர் விளிம்பில் நின்று கத்தினேன். மீனவர்கள் கயிறு கட்டி இறங்கி இழுத்து வந்தபோது முகத்தில் ஒரு பாதி இல்லை. அவர்களில் கிழவர் ஒருவர் கடலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் கன்னத்தில் மாறி மாறி அறைந்தார்.

ரெக்கோடர் சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது. அறைக்கு வந்து கசெற்றை எடுத்தேன். என் விரல்கள், பழக்கதோஷம், அந்த இரண்டு துண்டுகளையும் முறித்துவிட்டன.

கடலில் குளிக்கும்போது வழுக்கி விழுந்தான் என்று ஊருக்கு எழுதினேன். பதினான்காவது எங்கே என்று தாய் கேட்டார். கடல் கொண்டுபோய்விட்டது என்றேன்.

தொண்ணூறுகளில், நான் குடியேறியிருந்த ரொறன்ரோவுக்குத் தம்பிக்காரனும் அகதியாக வந்தான். நானே விமான நிலையத்துக்குப் போய்க் கூட்டி வந்தேன். தாய் சண்டையில் இடம்பெயர்ந்து கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தார். பதின்மூன்று கசெற்றும் வீட்டோடு எரிந்துவிட்டன. ஞாயிறுதோறும் தொலைபேசியில் அவருக்கு ஒரே கதை: சாகமுதல் மூத்தவனின் குரலை ஒருதரம் கேட்க வேண்டும்.

கேட்டுக் கேட்டு எனக்குப் பைத்தியம் பிடித்தது. கடைசியில் ஒரு வழி கண்டேன். ஒளித்து வைத்திருந்த பதினான்காவது கசெற்றில் என் பகுதியை மட்டும் அழித்துவிட்டு மற்றதைக் கொடுக்கலாம். ஒரு ஞாயிறு பகல், அவன் வேலைக்குப் போன பிறகு, கசெற்றைப் போட்டுப் பதியும் பொத்தானை அமுக்கினேன். இறங்கவில்லை. முறித்தவன் நான்தானே! முறித்த ஓட்டைகளை அடைத்தால் பதியலாம். செலோரேப் ஒட்டிக்கொண்டிருக்கும்போது கதவு திறந்தது. பனி கொட்டியதால் தொழிற்சாலையில் நேரத்தோடு விட்டுவிட்டார்களாம்.

"அண்ணை, உது என்ன?"

கசெற்றின் மேல் தமையனின் கையெழுத்து: அம்மாவுக்கு, 14.

அவனே போட்டான். உடைந்த கப்பல், சிரிப்பு, தொடைநடுங்கி, குத்து விழுந்த சத்தம், என் குரல். பிறகு காற்றும் நான் கத்தியதும். முடியும்வரை கேட்டான். பிறகு எழும்பி வந்து அடித்தான். வாயில் அடித்தான், விழுந்ததும் நெஞ்சில் உதைத்தான், தலைமயிரைப் பிடித்துச் அறையைச் சூடாக்கும் சுவர்க் கீற்றரில் மோதினான். நான் கையைத் தூக்கவில்லை.

களைத்துப்போய் இருந்தான். பிறகு கசெற்றை எடுத்து நான் ஒட்டிய செலோரேப்பை நகத்தால் உரித்து எறிந்துவிட்டு, தொடக்கத்துக்குச் சுற்றிவைத்தான். கொழும்புக்குப் பேச வாங்கிவைத்திருந்த கோலிங் காட்டின் இலக்கங்களை அமுக்கினான்.

"அம்மா, கசெற் கிடைச்சிட்டுது. ஓம், இந்த அண்ணையிட்டைத்தான். கவனமா வைச்சிருந்தவர்." அவன் என்னைப் பார்க்கவில்லை. "கடைசியிலை கொஞ்சம் பழுதாப் போச்சு. இப்ப கேளுங்கோ."

தொலைபேசியை ரெக்கோடருக்குப் பக்கத்தில் வைத்தான். கடல் இரைந்தது, தமையன் அம்மா என்றான். என் பல் கிழித்த விரல் ஒன்றை நிறுத்தும் பொத்தானின் மேல் வைத்தபடி, குத்து விழுகிற இடத்துக்காக அவன் காத்திருந்தான்.