ஒரே இடத்துக்கு ஒரே காரில் வந்த இருவர்

தைலமும் சன்ஸ்கிரீனும் ஈரச் சொக்ஸும் கலந்த ஒரு வாசம்... மெல்பேர்னின் மேற்கில் ஒரு ஃபுட்டி கிளப்பின் பிசியோ அறை அது. படிப்பு முடித்த கையோடு எனக்குக் கிடைத்த முதல் வேலை.

வெளியே ஜனவரி வெயில். உள்ளே மேசை மேசையாகக் கால்கள். டேப் சுற்றச் சுற்ற அடுத்த கால் வந்து நீளும்.

ஃபுட்டி தெரியாத நண்பர்களுக்காகச் சொல்கிறேன். பந்தைக் காலால் உதைத்தும் கையால் பிடித்தும் ஆடுகிற ஆஸ்திரேலியக் கால்பந்து அது. வருடக் கடைசியில் டிராஃப்ட் நடக்கும். பள்ளி முடித்த இளைஞர்களைக் கிளப்புகள் முறை வைத்துத் தெரிவு செய்யும். அதற்குப் பிறகும் அணியில் ஓர் இடம் காலியாக இருந்தால், வெளியிலிருந்து ஓரிருவரைக் கூப்பிட்டுக் கோடை முழுக்கப் பயிற்சியில் விடுவார்கள். சீசன் தொடங்குமுன் ஒருவருக்குத்தான் ஒப்பந்தம். மற்றவர் பையைத் தூக்கிக்கொண்டு போகவேண்டியதுதான்.

அந்த வருடம் வந்தவர்கள் இருவர்.

ஒருவன் நிரோ. நிரோஷன். வெரிபீயில் வளர்ந்த எங்கள் தமிழ்ப் பெடியன். எலெக்ட்ரீஷியன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். அம்மாவுக்கு இதில் துளியும் விருப்பமில்லை.

மற்றவன் லூக். முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்த பிறகு வேறொரு கிளப் அவனைக் கைவிட்டிருந்தது. வயது இருபத்தேழு இருக்கும். ஃபுட்டியில் அது கடைசி வாய்ப்புக்கான வயது. மனைவி நிறைமாதம்.

இரண்டு பேரும் ஆடுவது ஒரே இடம், பின்வரிசைக் காவல். ஆனால் தினமும் வந்து இறங்குவது ஒரே காரில்! லூக் ஜீலோங்கிலிருந்து ஓட்டி வருவான். வழியில் வெரிபீயில் நிரோவை ஏற்றிக்கொள்வான்.

அந்தக் கிளப்பில் நிரோவைத் தவிரத் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். மேசையில் படுத்ததும் அவன் வாய் திறந்துவிடுவான்.

"காரில அவ்வளவு நேரம் என்னடா கதைக்கிறனீங்கள் ரெண்டு பேரும்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அவன்ட பிள்ளைக்குப் பேர் தேடுறம் அக்கா."

"போட்டியைப் பற்றிக் கதைக்கிறேல்லையா?"

"ஐயோ, அதைக் கதைச்சா பிறகு கார் ஓடாது."

கடைசிப் பயிற்சி ஆட்டம் வந்தது. இதை வைத்துத்தான் முடிவு என்று எல்லோருக்கும் தெரியும். பயிற்சியாளர் இருவரையும் எதிரெதிர் அணியில் விட்டார். லூக்கை முன்வரிசைக்கு அனுப்பி, நிரோவுக்கு முகத்துக்கு நேரே நிறுத்தினார்.

நான் மருந்துப் பையோடு எல்லைக்கோட்டில் நின்றேன். நிரோவின் அம்மாவும் வேலியோரம் வந்து நின்றா. வரமாட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தவ!

யாரோ பந்தை உயர அடித்தார்கள். காற்று அதை நிரோவின் தலைக்கு மேலால் கொண்டுபோனது. நிரோ பந்தை அண்ணாந்து பார்த்தபடியே பின்பக்கமாக ஓடினான். தன் முதுகுக்குப் பின்னால் யார் வருகிறார்கள் என்று திரும்பிப் பார்க்கவில்லை. இந்த விளையாட்டில் அதைவிடத் துணிச்சலான காரியம் இல்லை என்பார்கள்.

வந்தது லூக். முழு வேகத்தில்.

அவனும் பந்துக்காகப் பாயலாம். விதி அதற்கு இடம் தருகிறது. பாய்ந்திருந்தால் அவன் முழங்கால் நிரோவின் விலாவில் ஏறியிருக்கும், பந்து சிதறியிருக்கும், இடம் அனேகமாக அவனுக்குத்தான்.



கடைசி இரண்டு எட்டில் லூக் பந்திலிருந்து கண்ணை எடுத்தான். உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, இரண்டு கையையும் விரித்தான். நிரோ ஆகாயத்தில் எழும்பிப் பந்தைப் பிடித்தான்... அப்படியே தலைகீழாகச் சரிந்தான். லூக் அவனைத் தோளோடு அணைத்துப் பிடித்து, தான் கீழே விழுந்து, அவனைத் தன் நெஞ்சில் தாங்கினான்.

கண் இமைக்கும் நேரம். ஒரு மனிதன் அவ்வளவு வேகத்தில் ஓடிக்கொண்டே இப்படி ஒரு முடிவை எடுக்க முடியுமா? இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

ஓடிப்போனேன். லூக்குக்கு மூச்சே வரவில்லை. வந்ததும், "முதலில் நிரோவைப் பார்" என்று ஆங்கிலத்தில் முனகினான். நிரோ பந்தைக் கட்டிப்பிடித்தபடி சிரித்துக்கொண்டிருந்தான். என்ன நடந்தது என்றே அவனுக்குத் தெரியாது.

இடம் நிரோவுக்குக் கிடைத்தது. அந்தப் பந்தைப் பிடித்தவனை எந்தக் கிளப் விடும்?

மறுநாள் லூக் காலில் இருந்த டேப்பை வெட்ட என்னிடம் வந்தான். பேசாமல் இருக்க முடியவில்லை. ஏன் ஒதுங்கினாய் என்று கேட்டேன்.

"அவன் பந்தைத்தான் பார்த்தான். வரப்போவதைப் பார்த்தது நான் மட்டும்தான்" என்றான். கொஞ்சம் யோசித்து, "பார்த்தவன்தானே ஒதுங்க வேண்டும்" என்றான்.

கோபமில்லை, பெருமையுமில்லை. கண் மட்டும் சிவந்திருந்தது.

அவன் போன பிறகு நிரோ வந்தான். அதற்குள் வீடியோவைப் பார்த்திருந்தான். முகம் செத்துப்போயிருந்தது.

"அக்கா, இண்டைக்கும் அவன்ட காரிலதான் வந்தனான். இனித் திரும்பிப் போகேக்க என்னத்தைக் கதைக்கிறது?"

"ஒண்டும் கதைக்க வேண்டாம். போய் ஏறு. அவன் உன்னைப் பாத்துக்கொண்டு நிக்கிறான்."

ஜன்னலால் பார்த்தேன். கார் தரிப்பிடத்தில் லூக் டிக்கியைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றான். நிரோவின் பையையும் வாங்கி உள்ளே போட்டான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஏறினார்கள். கார் போய் மறையும்வரைக்கும் நான் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

அதெல்லாம் முடிந்து வருடங்கள் ஆகிவிட்டன. நிரோ கொஞ்சக் காலம் ஆடினான், இப்போது சொந்தமாக எலெக்ட்ரிக்கல் வேலை செய்கிறான். நான் ஆஸ்பத்திரியில், இடுப்பு மாற்றிய அங்கிள்மாரையும் அன்ரிமாரையும் நடக்கப் பழக்குகிறேன். இங்கே யாரும் பாய்வதில்லை. கட்டிலிலிருந்து கதிரைக்குப் போனாலே நாங்கள் கைதட்டுவோம்.

ஒவ்வொரு டிராஃப்ட் முடிந்ததும் எங்கள் தேநீர் அறை சூடாகிவிடும். கடைசி இடம் யாருக்கு என்று வாக்குவாதம். நான் கிளப்பில் இருந்தவள் என்பதால், நேரில் பார்த்ததிலேயே பெரிய ஆட்டக்காரன் யார் என்று கட்டாயம் கேட்பார்கள்.

லூக்கின் பெயரைச் சொல்வேன்.

உடனே போனில் தேடுவார்கள். பழைய கிளப்புக்கு ஒரு சில ஆட்டங்கள் ஆடியதாக ஒற்றை வரி வரும். மங்கலான ஒரு படம். வேறொன்றும் இருக்காது.

"இவனா?" என்று போனைத் திருப்பிக் காட்டுவார்கள், நம்பாமல்.

"ஓம்... இவன்தான்" என்பேன்.