இடது விண்கலம், வலது விண்கலம்

ஷூ கம்பெனி சாம்பிள் ரூமில் வேலை செய்கிறவனுக்கு ஒரே ஒரு சட்டம்தான்: சரக்கு வாங்கும் பையர் அனுப்பிய பெட்டியில் என்ன இருந்தாலும் அதே மாதிரி ஒன்று செய்து காட்ட வேண்டும். எதற்கு, ஏன் என்றெல்லாம் கேட்கக் கூடாது. எண்பதுகளின் தொடக்கத்தில் ஆம்பூரில் ஒரு கம்பெனியின் சாம்பிள் ரூமுக்கு நான் இன்சார்ஜாக இருந்தேன். இந்தச் சட்டத்தை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்ததில் எனக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. பிளாஸ்டிக் துண்டுகளை ஒன்றின்மேல் ஒன்று அழுத்திப் பொருத்தி விண்கலம் கட்டுகிற பைத்தியம். பொடித் துண்டு ஒன்று கைதவறி விழுந்து, கட்டிலுக்கு அடியில் டார்ச் லைட்டோடு குப்புறப் படுத்திருக்கும் நண்பர்களே, உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். மற்றவர்களுக்குச் சொல்லிப் பிரயோஜனம் இல்லை.

வெட்டாமல் பிரித்தது

வால்டர் என்பவர் ஜெர்மனியில் எங்களுடைய பெரிய பையர். ஒரு நாள் அவருடைய சாம்பிள் பார்சலைப் பிரித்தேன். ஆறு ஷூக்கள், கலர் பார்க்க நாலு தோல் துண்டுகள், அடியில் ஒரு அட்டைப் பெட்டி. பெட்டிமேல் சாம்பல் நிற விண்கலத்தின் படம். உள்ளே பிளாஸ்டிக் துண்டுகள், சிவப்பு உடுப்புப் போட்ட கட்டைவிரல் உயர மனிதன், ஒரு எழுத்துகூட இல்லாத படப் புத்தகம். கடிதம் எதுவும் இல்லை. ரிஜிஸ்டரில் ஏழாவது ஐட்டமாக ஏற்றிவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் படத்தைப் பார்த்துக் கட்ட உட்கார்ந்தேன். ஒரு வரிசை தள்ளி வைத்தது மூன்று பக்கம் கழித்துத்தான் தெரிந்தது. முழுக்கப் பிரித்து மறுபடி கட்டினேன். கடைசியில் விண்கலத்தின் மூக்குக்குமேல், அந்த மனிதனுக்கு முன்னால், மஞ்சள் கண்ணாடியை வைத்து அழுத்தியபோது 'டக்' என்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்தில் விழுந்தவன் இன்னும் எழுந்திருக்கவில்லை.

பையரின் ஷூவை எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று பார்க்க, அதை மிஷினில் கொடுத்து நீளவாக்கில் இரண்டாக அறுப்பது எங்கள் வழக்கம். மேனேஜர் ராமமூர்த்தி சார் விண்கலத்தைப் பார்த்தார், அறுக்கிற மிஷினைப் பார்த்தார். நான் விண்கலத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். "சார், அறுக்கவே வேணாம், அதுவே பிரியும்" என்று இறக்கையைக் கழற்றிக் காட்டினேன். அவர் கழன்ற இறக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தானா பிரியற சரக்க நாம அனுப்பியிருந்தா, பையர் நம்மள உண்டு இல்லன்னு பண்ணியிருப்பான்யா."

இன்னொரு கால்

தோலில் நகல் செய்யும் வேலை பேட்டர்ன் மாஸ்டர் கௌஸ் பாயிடம் போனது. எந்த ஷூவையும் ஒரு தரம் பார்த்தால் காகிதத்தில் வெட்டிக் கொடுத்துவிடுவார். உடம்புக்குச் சாம்பல் நிற ஸ்வேட் தோல், இறக்கை தொங்காமல் இருக்க உள்ளே கெட்டி அட்டை, கண்ணாடிக்குப் பளபளக்கிற மஞ்சள் தோல். இடது இறக்கைமேல் இருந்த குடை மாதிரியான ரேடாரைக்கூட விடவில்லை. தையல் ஒரு இடத்தில்கூடக் கோணவில்லை.

மூன்றாம் நாள் போனால் அவர் மேஜையில் இரண்டு தோல் விண்கலங்கள் நின்றன. ஒன்றுக்கு ரேடார் இடது பக்கம். இன்னொன்றுக்கு வலது பக்கம். கண்ணாடியில் பார்த்த மாதிரி எல்லாமே மாறியிருந்தது. "ஏன் பாய் ரெண்டு?" என்றேன். கௌஸ் பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ குடுத்தது லெஃப்ட்டு மட்டும்தானேப்பா. இது இன்னா ஐட்டமோ எனக்குத் தெரியாது. ஆனா ஒத்தப் பீஸு என் டேபிள்லருந்து வெளிய போனதே இல்ல."

மஞ்சள் கண்ணாடி

என் மனைவி மெர்ஸி அதே கம்பெனியில் பேக்கிங் சூப்பர்வைசர். பேக்கிங்கில் ஜன்னல் பெரிது, வெளிச்சம் நன்றாக விழும். அசலையும் நகலையும் ஒப்பிட்டுப் பார்க்க அங்கே எடுத்துப் போனேன். அளவு பார்ப்பதற்காக மஞ்சள் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தேன். பக்கத்தில் வால்டரின் ஆர்டருக்கு ஷூ மூக்குகளில் மெல்லிய காகிதத்தைத் திணித்துக்கொண்டிருந்தார்கள். திரும்பிப் பார்த்தால் கண்ணாடியைக் காணோம்.

மறுநாள் காலை வால்டரிடமிருந்து டெலெக்ஸில் ஒரு செய்தி. "சாம்பிள் பார்சலில் என் மகனுக்கு வாங்கிய பரிசு தவறுதலாக வந்துவிட்டது. பத்திரமாக வைத்திருக்கவும். அடுத்த மாதம் வரும்போது எடுத்துக்கொள்கிறேன்." பெரிய பையர், அவர் பிள்ளையின் பரிசு, தொலைத்தவன் நான். பேக்கிங் ஹாலைக் கூட்டிப் பெருக்கி அள்ளியதையெல்லாம் கொட்டிப் பார்த்தேன். மேஜைக் கால்களுக்கு இடையில் தவழ்ந்தேன். முந்தின நாள் கட்டிய பெட்டிகள் அதற்குள் லாரி ஏறி மெட்ராஸ் துறைமுகத்துக்குப் போய்விட்டிருந்தன. மெர்ஸி இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "நம்ம கல்யாண மோதிரம் தொலைஞ்சப்பகூட நீங்க இப்பிடித் தரையில படுத்துத் தேடலையே."

வால்டர் வந்தார்

கௌஸ் பாய் மஞ்சள் பிளாஸ்டிக் தாள் ஒன்றை வெட்டி வளைத்து ஒரு போலிக் கண்ணாடி செய்து கொடுத்தார். நாலடி தள்ளி நின்று பார்த்தால் வித்தியாசமே தெரியாது. "மாட்டிக் குடுத்துடு, பேஜார் விட்டுது" என்றார். மாட்டியும் பார்த்தேன். 'டக்' என்ற சத்தம் வரவில்லை. சத்தம் வராத கண்ணாடியை ஒரு பிள்ளைக்குக் கொடுக்க மனசு ஒப்பவில்லை. கழற்றிவிட்டேன்.

வால்டர் வந்து உட்கார்ந்ததும், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் உள்ளதை உள்ளபடி சொன்னேன். ராமமூர்த்தி சார் கூரையைப் பார்த்தபடி இருந்தார். வால்டருக்குக் கோபம் வரவில்லை. பிறந்தநாள் முடிந்துவிட்டது, வேறொன்று வாங்கிக் கொடுத்தாயிற்று என்றார். பிறகு தோல் விண்கலங்களைக் கையில் எடுத்தவர் கீழே வைக்கவே இல்லை. மகனுக்கு அதுவே போதும், பிளாஸ்டிக்கை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று என் பக்கம் தள்ளினார். அவர் ஒன்றை மட்டும் பைக்குள் வைக்கப் போக, கௌஸ் பாய் குறுக்கே வந்து வாங்கி, இரண்டையும் தலைமாற்றிப் படுக்க வைத்து ஷூ பெட்டியில் மூடிக் கொடுத்தார். வால்டர் என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "ஒன்று போதும் என்று என் மகன் ஒத்துக்கொள்வான். உங்கள் மாஸ்டர் ஒத்துக்கொள்ள மாட்டார்."

ஷோகேஸ்

அதற்குப் பிறகு வால்டர் வரும்போதெல்லாம் எனக்கு ஒரு பெட்டி வந்தது. நிலாவில் ஓடுகிற வண்டி, இரண்டு பேர் உட்காரும் விண்கலம், ராக்கெட் ஏவும் மேடை. வீட்டு ஷோகேஸில் மெர்ஸியின் பீங்கான் கோப்பைகள் ஒவ்வொன்றாகச் சமையலறைக்குக் குடிபெயர்ந்தன. எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றது அந்த முதல் விண்கலம்தான். அதன் சிவப்பு மனிதன் மட்டும் கண்ணாடி இல்லாமல், எதிர்க்காற்றில் மொபெட் ஓட்டுகிறவன் மாதிரி உட்கார்ந்திருப்பான். வேறு பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து மாட்டலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பச்சைக் கண்ணாடிதான் வந்தது. அதே மஞ்சள் வந்திருந்தாலும் மாட்டியிருக்க மாட்டேன். ஒன்றைப் பிடுங்கி இன்னொன்றை முழுசாக்குவது ஒரு பிழைப்பா? ஆனாலும் அந்தக் காலி மூக்கைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சுக்குள் முள் மாதிரி குத்தும்.

ஒரு தடவை எங்கள் சபை பாஸ்டர் வீட்டுக்கு வந்தார். ஜெபம் பண்ண எழுந்தவர் ஷோகேஸைப் பார்த்து நின்றுவிட்டார். எல்லா வண்டிக்கும் கண்ணாடி இருக்க இதற்கு மட்டும் ஏன் இல்லை என்று விசாரித்தார். கதை முழுவதையும் சொன்னேன். சிரிக்காமல் கேட்டுக்கொண்டார். பிறகு கண்ணை மூடப் போனவர் மறுபடி திறந்து என்னைக் கேட்டார்: "அது கிடைக்கணும்னும் ஒரு வார்த்தை சேத்துக்கட்டுமா பிரதர்?"

புகார் கவர்

இரண்டு வருஷம் போயிருக்கும். ஒரு காலை ராமமூர்த்தி சார் என்னையும் மெர்ஸியையும் அறைக்குக் கூப்பிட்டார். ஜெர்மனியிலிருந்து ஒரு புகார். ஏதோ ஒரு ஊர்க் கடையில் நெடுநாள் அலமாரியில் கிடந்த ஷூவை ஒருவர் வாங்கிப் போட்டிருக்கிறார். இடது ஷூவின் மூக்கில், காகிதத்துக்குள் ஏதோ பொருள் இருந்து பெருவிரலைக் குத்தியிருக்கிறது. அத்தாட்சிக்காக அந்தப் பொருளையே புகார்த் தாளில் டேப் போட்டு ஒட்டி அனுப்பியிருந்தார்கள்.

மஞ்சள் கண்ணாடி. ஒரு கீறல் இல்லை.

சார் திட்டிக்கொண்டே இருந்தார். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை. சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. நான் வருந்துகிறேன் என்று நினைத்து அவரும் கொஞ்சம் குரலைத் தணித்தார். பேக்கிங் மேஜையில் அன்னியப் பொருளை வைத்ததற்கு எனக்கு ஒரு மெமோ, பார்க்காமல் பேக் செய்ததற்கு மெர்ஸிக்கு ஒரு மெமோ. "சார், அந்தப் பீஸ் எனக்கு வேணும்" என்று மட்டும் கேட்டேன். தலையில் அடித்துக்கொண்டு பிய்த்துக் கொடுத்தார். வெளியே காத்திருந்த கௌஸ் பாய் மெமோ இரண்டையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "கவலைய வுடு தோஸ்த். இதாவது கரெக்டா ஜோடியா வந்துக்குதே."

என் சர்வீசில் நான் வாங்கிய மெமோ அது ஒன்றுதான். வீட்டுக்குப் போய் அந்தக் கண்ணாடியை விண்கலத்தின் மூக்கில் வைத்து அழுத்தி, 'டக்' என்று காதால் கேட்ட பிறகுதான் மெமோவில் கையெழுத்துப் போட்டேன்.