அரசன் கேட்ட கேள்வியும் ஒற்றைத் தாளும்

மீராலெவ்வைக் காக்கா மௌத்தான செய்தி, நான் படிப்பிக்கும் பொத்துவில் பாடசாலைக்குத் தபாலட்டையில் வந்தது, இரண்டு நாள் பிந்தி. பஸ் ஏறி மருதமுனையில் இறங்கியபோது ஜனாஸா அடக்கி மூன்றாம் நாள். அவரை அறிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அழுது எழுத வேண்டியதை ஆத்திரத்தோடு எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நெசவுச்சாலையில் நூலுக்குச் சாயம் போடுபவராகத்தான் ஊர் அவரை அறியும். இளமையில் கொழும்பில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்தபோது ஆங்கிலம் வாசிக்கப் பழகியவர், அங்கே ஒரு பழைய புத்தகத்தில் ஒரு மனிதரைக் கண்டெடுத்தார். முந்நூறு வருடங்களுக்கு முன் ஐரோப்பாவில் அரசர் மாறி அரசரிடம் வேலை பார்த்த ரசாயனக்காரர். அரசர்கள் பொன் கேட்டார்கள். அவர் சிவப்புக் கண்ணாடி செய்து கொடுத்தார். அந்த வெள்ளைக்காரரைக் காக்கா 'நம்மட ஆள்' என்றே சொல்லுவார். "அவனும் சாயக்காரன்தான். முதலாளிதான் வேற" என்பார்.

ஒருநாள் கொழும்பு வியாபாரி ஒருவர் நெசவுச்சாலைக்கு வந்து, இந்தச் சிவப்பு நிற்குமா என்று கேட்டார். நிற்கும் என்று முதலாளி தலையாட்டினார். ஈரக் கையோடு காக்கா நடுவில் வந்து, "நிக்காது. நாலு வெயில் கண்டா வெளிறிப் போகும்" என்றார். ஒரு கிழமைக்கு முதலாளி அவரோடு கதைக்கவில்லை.

"வாய வெச்சிக்கிட்டுச் சும்மா இரிக்க ஏலாதா காக்கா?" என்று நான் ஏசினேன்.

"நான் யாருட கதைய எழுதிக்கிட்டு இரிக்கன் எண்டு ஒனக்குத் தெரியாதா? மறுகா எப்படிப் பொய் செல்லுற?"

ஓம், எழுதிக்கொண்டுதான் இருந்தார். அந்த ரசாயனக்காரரின் வாழ்க்கை முழுவதும் தமிழில், பதினொரு கொப்பிகள். ஆனால் அத்தனையும் அறபுத்தமிழ். பாஷை தமிழ், எழுத்து அறபு. ஓதப் பழகிய கை அவருடையது, தமிழெழுத்தில் ஓடாது. அச்சுக்காரன் எப்படி வாசிப்பான் என்று எத்தனை முறை சண்டை பிடித்திருப்பேன். கடைசியில் ஒரு தாளைக் கிழித்து நீட்டினார். "நீ வாத்தியார்தானே. இதத் தமிழெழுத்துல மாத்தித் தா. சரியா வந்தா மிச்சத்தையும் தாறன்." அது போன நோன்பு மாதம். ஊருக்கு வந்தபோதெல்லாம் "முடிஞ்சிதா?" என்று கேட்பார். "லீவு வரட்டும் காக்கா" என்பேன்.

அந்த மூன்றாம் நாளே வீட்டுக்குப் போய்க் கொப்பிகளைக் கேட்டேன். காக்காவின் மனைவி, மதினி, இத்தாவில், பிற ஆண்கள் கண்ணில் படாமல் அறைக்குள் இருந்தார். காக்காவின் கூடப்பிறந்த தம்பி, சாய்ந்தமருதில் கடல் தொழில் செய்பவர், முன்னால் வந்தார்.

"பெட்டகத்துல பழைய குர்ஆன் தாளுகளோட கிடந்திச்சி. எல்லாம் அறபெழுத்து. காலுல கையில பட்டிரக் கூடாதெண்டு சாக்குல கட்டி, கல்லும் வெச்சி, நேத்துத்தான் தோணியில கொண்டு போய் ஆழத்துல இறக்கினன். ஒரு தாளும் நிலத்துல விழயில்ல."

எவ்வளவு பக்குவமாகச் செய்திருக்கிறார். அவர்மீது எப்படிக் கோபிப்பது? ஒழுங்கான எழுத்தில் எழுதாத மனிதர்மீது கோபித்தேன். அவரோ மண்ணுக்குள் இருக்கிறார்.

என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த ஒற்றைத் தாள். அதில் அரசன், சபை நிறைந்திருக்க, ரசாயனக்காரரைக் கூப்பிட்டுக் கேட்கிறான்: "உன்னால் பொன் செய்ய முடியுமா, முடியாதா?" அத்தோடு தாள் முடிகிறது. பதில் என்ன என்று காக்காவிடமே கேட்டிருக்கிறேன். "மாத்தித் தா, மறுகா நீயே வாசி" என்று சிரித்தார். திரைக்கு இந்தப் பக்கம் நின்று மதினியிடமும் கேட்டேன்.

"எனக்கு ஒண்டும் செல்லல்ல தம்பி. நீங்க எழுதித் தருவீங்க, தருவீங்கண்டுதான் செல்லிக்கிட்டு இரிந்தாரு."

பதில் என்னவாயிருக்கும் என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. ஊகம் பதினொரு கொப்பி ஆகாது. உங்களில் யாருக்காவது அவர் சொல்லியிருந்தால் தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.

நேற்றுப் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு அந்தத் தாளைத் தமிழெழுத்தில் எழுத உட்கார்ந்தேன். பொழுதுபட்டு மஃரிபுக்குப் பாங்கு சொல்லுமுன் முடிந்துவிட்டது.